இடது பக்கத்துப் பிழை

பாலேந்திரன் அண்ணனின் வீட்டில் விருந்தாளிகள் உட்காரும் அறை கிடையாது. ஹந்தானை வீதியில், மேட்டில் ஏறிப்போய் வாசல் கதவைத் திறந்தால் நேரே ஸ்பீக்கர் அறைதான். ஆளுயரப் பெட்டிகள் இரண்டு, அவற்றுக்கு எதிரே இரண்டு கதிரைகள், நடுவில் வெறுந்தரை. யாராவது பேச வந்தால் குசினி மேசைக்குத்தான் போக வேண்டும்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். தண்ணீர் விநியோகப் பகுதியில் இன்ஜினியராக இருந்து கண்டியிலேயே ஓய்வு பெற்றவர். நான் கிருஷ்ணராஜ். கொட்டுகொடல்ல வீதியில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடங்களுக்கு முன் கடைக்கு வயர் வாங்க வந்தவர், அந்த வயரில் உள்ள செம்பு எவ்வளவு சுத்தமானது என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அன்று பின்னேரமே அவர் வீட்டில் இருந்தேன்.

அன்றிலிருந்து பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு அங்கேதான் போவேன். எங்களைப் போலப் பைத்தியம் பிடித்தவர்கள் நாலைந்து பேர் சேருவோம். எந்த அம்ப்ளிஃபயரில் பாடகியின் குரல் முன்னால் வந்து நிற்கிறது, எந்தக் கேபிளில் மிருதங்கத்தின் அடி இறுகுகிறது என்று மணிக்கணக்காக வாதாடுவோம். வாதம் முற்றினால் முடிவு சொல்வது கமலாசனி அக்கா. அண்ணனின் மனைவி.

அக்காவுக்குச் சங்கீதப் படிப்பு இல்லை. இளவயதில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டராக இருந்தவர். லைனில் வரும் இரைச்சலைக் கேட்டே எந்தப் பக்கத்துக் கம்பி மழையில் நனைந்திருக்கிறது என்று சொல்லுவாராம். நாங்கள் புத்தகத்தில் வாசித்ததைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு பேசுகிறவர்கள். அவர் உண்மையிலேயே கேட்கிறவர். மூன்று வருடங்களுக்கு முன் வலப்பக்கப் பெட்டியில் ஏதோ துடிக்கிறது என்றார். நான் அளவெடுக்கிற மைக்கைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு திருகாணி அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. அதற்குப் பிறகு அக்கா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

இந்த வருடம் தை மாதப் போயாவன்று ஒரு பெண் பாடகியின் இசைத்தட்டைப் போட்டோம். தம்புராவும் வயலினும் மட்டும் கூட. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். அக்கா கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டுங்கோ."

"என்ன கமலா?"

"இடப்பக்கம் சரியில்லை. சுருதி விலகுது. ஒரே ஆள் ரெண்டு பேரா நிண்டு பாடுற மாதிரிக் கிடக்கு."

திரும்பப் போட்டோம். எங்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

"அக்கா, ஸ்பீக்கர் சத்தத்த கூட்டும், குறைக்கும், கரகரங்கும். சுருதிய மாத்தாதுங்களே" என்றேன்.

"அது எனக்குத் தெரியாது தம்பி. கேக்கிறதைச் சொல்லுறன்."

அன்று அவருக்குச் சளியும் தடிமனும் இருந்தது. காது அடைத்த மாதிரி இருக்கிறது என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். அந்தக் கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்தபடியேதான் அக்கா இடப்பக்கத்துப் பெட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அதே பெட்டியைப் பார்த்தோம்.

அடுத்த ஞாயிறு நானும் அண்ணனும் பெட்டிகளை இடம் மாற்றினோம். ஒவ்வொன்றும் எழுபது கிலோ. கீழே பழைய போர்வையை விரித்து இழுத்தோம். இடது வலதாக, வலது இடதாக. அக்கா உட்கார்ந்து கேட்டார்.

"இன்னும் இடப்பக்கம்தான்."

"அப்ப பெட்டியிலே பிழை இல்லை" என்றார் அண்ணன். அம்ப்ளிஃபயரின் இரண்டு பக்கக் கேபிள்களையும் மாற்றிச் செருகினோம். அப்போதும் இடப்பக்கம்தான். இசைத்தட்டை விட்டு சி.டி.யில் கேட்டோம், அப்போதும் அதே. மைக்கை அக்காவின் கதிரையில், அவர் தலை இருக்கும் உயரத்தில் வைத்து அளந்தேன். இரண்டு கோடுகளும் என் போன் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. மயிரிழை வித்தியாசம் இல்லை.

"அண்ணே, ரெண்டும் ஒன்னுதான் காட்டுது."

"உம்முடைய மைக் போன முறையும் அப்பிடித்தான் காட்டினது" என்றார் அவர்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. போனை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன்.

பெட்டி இல்லை, அம்ப் இல்லை, கேபிள் இல்லை. மிஞ்சியது அறை. அண்ணனுக்கு முகம் தெளிந்துவிட்டது. இடப்பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, அதில் பட்டுத் திரும்பும் ஒலி ஏதோ ஒரு சுரத்தை இழுத்துவிடுகிறது என்றார். தாளில் படம் வரைந்து காட்டினார். எங்கள் வட்ஸ்அப் குழுவிலும் போட்டார். குழுவில் இருந்த தெல்தெனியப் பல் டாக்டர் ஒருவர் அதற்கு இன்னொரு படம் வரைந்து அனுப்பினார். மூன்று நாள் அதே பேச்சு. நானும் விடவில்லை. சுருதியை மாற்றாது என்று சொன்ன நானே, சுவரின் அதிர்வு கூடச் சேர்ந்தால் இன்னொரு சுரம் போலக் கேட்கலாம் என்று நீளமாக எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது.

முதலில் ஜன்னலில் மெத்தையைச் சாத்திப் பார்த்தோம். பிறகு தடித்த திரை. மாசி மாதப் போயாவுக்கு வந்தவர்கள் கதிரைகளைப் பின்னுக்கும் முன்னுக்கும் நகர்த்தினார்கள். அக்கா ஒவ்வொரு முறையும் பொறுமையாக வந்து உட்கார்ந்தார்.

"இப்ப எப்பிடி?"

"அப்பிடியேதான்."

ஒரு நாள் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டே என்னிடம், "தம்பி, எனக்கு இப்ப பாட்டுக் கேக்கவே அலுப்பாக் கிடக்கு" என்றார்.

"அறைய சரி பண்ணிட்டா எல்லாம் சரியாயிரும் அக்கா."

"காதும் இன்னும் திறக்கேல்லை. இரையுது."

"மழையிலங்க. எங்க வீட்லயும் எல்லாருக்கும் சளி."

இதைத்தான் நான் சொன்னேன். வேறு சொற்கள் இல்லை.

அண்ணன் கலகெதரையிலிருந்து ஒரு தச்சரை, மரவேலை பாஸை, பிடித்தார். ஒலியைச் சிதறடிக்க வரிசை வரிசையாகக் கட்டைகள் ஒட்டிய பெரிய பலகை ஒன்று, ஜன்னலை முழுதாக மூடுகிற அளவில். பாஸுக்கு அது எதற்கென்று விளங்கவில்லை. வெளிச்சம் வருகிற ஜன்னலை எதற்கு மூடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். பங்குனிப் போயாவன்று பலகை வந்தது. பாஸ் ஏணியில் நின்று அதைப் பொருத்த, நான் கீழே பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அதே பாடகியின் இசைத்தட்டை மெதுவாக ஓடவிட்டிருந்தார்.

அக்கா பாஸுக்குத் தேநீர் கொண்டுவந்தார். கோப்பையை மேசையில் வைக்க எங்கள் பக்கம் திரும்பினார், ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி. அப்படியே நின்றுவிட்டார்.

"இப்ப மற்றப் பெட்டி பிழைக்குது."

"எது?"

"வலப்பக்கத்து." கையை நீட்டிக் காட்டினார். "இப்ப அது என்ர இடக்கைப் பக்கம்."

அக்கா மெதுவாகத் திரும்பி ஸ்பீக்கர்களைப் பார்த்தார். பிறகு மறுபடியும் எங்களைப் பார்த்தார். இடக்காதை விரலால் பொத்தினார், எடுத்தார். வலக்காதைப் பொத்தினார். பொத்தியபடியே வெகுநேரம் நின்றார். பாடகி ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ" என்றார் அண்ணனிடம். "பாட்டை நிப்பாட்டுங்கோ. பெட்டியிலே ஒண்டுமில்லை. சுவரிலும் ஒண்டுமில்லை."

அண்ணனுக்கு அது உடனே விளங்கவில்லை. "அப்ப எதிலே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அக்காவின் விரல் இன்னும் காதிலேயே இருப்பதைப் பார்த்தார்.

ஏணியில் நின்ற பாஸ், திருகாணியைப் பூட்டவா வேண்டாமா என்று கேட்டார். நான் பூட்டச் சொன்னேன்.

அடுத்த நாள் காது டாக்டரிடம் நான்தான் வாகனத்தில் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து அக்காவைச் சோதித்தார்கள். டாக்டரம்மா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே எப்போது தொடங்கியது என்று கேட்டார். தைப் போயாவுக்கும் பங்குனிப் போயாவுக்கும் இடையில் எத்தனை நாள் என்று நான் மனதுக்குள் எண்ணினேன். அக்கா முந்திக்கொண்டு, "ரெண்டு மாசம்" என்றார்.

உட்காது சிலருக்கு இப்படித் திடீரென்று பழுதாகுமாம். காரணம் பெரும்பாலும் தெரிய வராதாம். பழுதான காது ஒரு சுரத்தை வேறொரு சுரமாகக் கேட்கும். அதனால்தான் ஒருத்தி இரண்டு பேராகப் பாடுகிறாள். முதல் இரண்டு கிழமைக்குள், பதினாலு நாளைக்குள், மருந்தைத் தொடங்கினால் கனபேருக்குக் கொஞ்சமாவது திரும்புமாம்.

"ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?" என்று டாக்டரம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. குறிப்பில் எழுதுவதற்காகக் கேட்டார்.

"ஸ்பீக்கர் பிழை எண்டு நினைச்சம்" என்றார் அண்ணன்.

டாக்டரம்மாவுக்கு அது விளங்கவில்லை. திரும்பக் கேட்கவும் இல்லை.

ஆனாலும் விழுங்கக் குளிசை கொடுத்தார்கள். செவிப்பறை வழியாக மூன்று முறை ஊசி போட்டார்கள். ஊசி போட்ட நாட்களில் அக்காவுக்குத் தலை சுற்றும். மேடேற முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பார். சித்திரையில் மறுபடியும் கூண்டுக்குள் வைத்துப் பார்த்தார்கள். வரைபடத்தில் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. இனி வரத் தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டினால் போதும் என்றார்கள்.

அதன் பிறகு போயாக் கூட்டம் நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வட்ஸ்அப் குழுவில் சில நாள் எல்லோரும் அக்காவின் சுகம் கேட்டார்கள். பிறகு யாரோ ஒருவர் புது அம்ப்ளிஃபயரின் படம் போட்டார். அதற்கு ஏழெட்டுப் பதில்கள் வந்தன. அண்ணன் குழுவிலிருந்து விலகினார்.

அக்கா கட்டுக்கலைக் கோயிலுக்குச் சனக்கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போகத் தொடங்கினார். நாதஸ்வரம் வாசித்தால் தாங்க முடியாது, ரெண்டு நாதஸ்வரம் சண்டை பிடிக்கிற மாதிரி இருக்கு என்றார். இடக்காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டுப் பார்த்தார். ஒரு காதில் கேட்பது சுவரில் ஒட்டிய படம் மாதிரித் தட்டையாக இருக்கிறதாம்.

"நீங்க மட்டும் கேளுங்களேன் அண்ணே" என்று நான் ஒரு நாள் சொன்னேன்.

"கமலா சொன்னாப் பிறகுதான் எனக்கு ஒண்டு கேக்கிறது. முப்பது வருசமா அப்பிடித்தான்" என்றார். "உம்மட்டைச் சொல்லுறதுக்கென்ன, தனிய இருந்தா எனக்கு ரெண்டு கேபிளுக்கும் வித்தியாசம் தெரியாது."

ஆடியில் அவரே கூப்பிட்டார். குரலில் பழைய துடிப்பு இருந்தது. ஹெட்போனில் இடப்பக்கத்துச் சுருதியை மட்டும் கம்ப்யூட்டரால் கொஞ்சம் இறக்கினால், அக்காவின் பழுதான காது அதை ஏற்றிக் கேட்டு, இரண்டும் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். கணக்கைப் பார்த்தேன். பிழை சொல்ல முடியவில்லை. மென்பொருளை நான் தேடிப் போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிறு பின்னேரம் அக்காவைக் கதிரையில் உட்காரவைத்தோம். முதலில் வெறும் தம்புரா. அண்ணன் இடப்பக்கத்தைச் சிறிது சிறிதாக இறக்கினார்.

"இப்ப?"

"இல்லை."

"இப்ப?"

அக்கா சட்டென்று கதிரையின் கைகளைப் பிடித்தார். "நில்லுங்கோ. நில்லுங்கோ. சேந்திட்டுது."

கன்னத்தில் தண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை. அண்ணன் என் கையைப் பிடித்து நசுக்கினார். தம்புரா ஒரு நிமிடம் ஓடியிருக்கும். பிறகு பாடகி தொடங்கினாள். அக்காவின் முகம் மாறியதை இரண்டு பேரும் பார்த்தோம். ஒரு சுரத்துக்குப் பொருந்துகிற அளவு அடுத்த சுரத்துக்குப் பொருந்தவில்லை. காது ஒவ்வொரு சுரத்தையும் ஒவ்வொரு அளவில் கோணலாக்கியிருந்தது. அவள் மேலே போகப் போகக் குரல் பிளந்துகொண்டே போயிற்று.

அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். "போதும்" என்றார்.

"ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாச் செய்யலாம் கமலா. கொஞ்சம் நாள் எடுக்கும்."

அக்கா கதிரையை விட்டு எழுந்து குசினிக்குப் போனார்.

அண்ணன் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் புதுக் கணக்கோடு காத்திருக்கிறார். நான் போகும்போது கம்ப்யூட்டர் திறந்திருக்கும், பக்கத்தில் எண்கள் நிறைந்த கொப்பி. பெரிய பெட்டிகள் இரண்டின் மேலும் பழைய பெட்சீட் போட்டு மூடியிருக்கிறது. அண்ணன் கூப்பிட்டவுடன் அக்கா வந்து உட்காருகிறார்.

போன ஞாயிறும் அப்படித்தான். அண்ணன் விசையை அழுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப எப்பிடி?"

அக்கா கொஞ்சநேரம் கேட்டார். வலியைத் தாங்குகிறவரைப் போலக் கண்ணிமைகள் சுருங்கின.

"கொஞ்சம் பரவாயில்லை" என்றார்.

அண்ணன் குனிந்து கொப்பியில் எழுதினார். எழுதி முடிக்கும்வரை அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அண்ணன் மறுபடியும் விசையில் கை வைத்தார்.