தாழிட்ட சூரியன்

அந்த ஊரில் ஆண்டுக்கு ஒரு நாள் விடிவதில்லை. பகல் மிகவும் குறுகிய நாளான அன்று, சூரியன் குவாரிக்காரர் வீட்டுக் கூடத்தில் உதிக்கும்; கதவு உள்ளே தாழிட்டிருப்பதால் வெளியே வராது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். உள்ளூரில் அன்று தெருவிளக்குகளை அணைக்காமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்.

காரணம் ஒரு கல். ஊருக்குக் கிழக்கே குன்றின்மேல், எழுத்தறியாத காலத்து மனிதர்கள் பெரும் கற்களை வட்டமாக நட்டிருந்தார்கள். அவற்றில் இரண்டு மட்டும் தலைமேல் ஒரு குறுக்குக் கல்லைச் சுமந்து வாசல்போல நின்றன. அந்த நாளின் சூரியன் அந்த வாசலுக்குள்ளிருந்துதான் புறப்படும். யார் நட்டார்கள், என்ன சொல்லிக் கும்பிட்டார்கள் என்பதை மனிதர்கள் மறந்துவிட்டார்கள், வெயில் மறக்கவில்லை. குவாரிக்காரரின் தந்தை வீடு கட்டும்போது, அந்தக் குறுக்குக் கல்லை இறக்கி வண்டியில் ஏற்றிவந்து தன் தலைவாசலுக்கு மேலே பொருத்தினார். அந்த ஆண்டே சூரியனும் வீடு மாறியது. காசு கொடுத்து வாங்கிய கல் என்றார் தந்தை. யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்கும் துணிச்சல் அந்தக் காலத்தில் எவருக்கும் இல்லை.

தந்தைக்குப் பின் கதவைத் திறக்கும் உரிமை மூத்த மகனான குவாரிக்காரருக்கு வந்தது. அன்று இருட்டில் ஊரே வாசலில் கூடி நிற்கும். அவர் குளித்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, அவசரப்படாமல் தாழை இழுப்பார். வெளிச்சம் அந்தக் கல்லுக்கடியில் தவழ்ந்து வந்து, கூட்டத்தின் தலைகளைத் தடவிக்கொண்டு வானத்தில் ஏறும். எந்த விசேஷத்திலும் அவருக்கு முன்வரிசை நாற்காலி. அவர் மகள்களுக்கு வரன்கள் தேடிவந்தன. அந்த வாசல் திறந்தால்தான் ஊருக்குப் பொழுது என்று அவராக ஒருநாளும் சொன்னதில்லை. பிறர் சொன்னால் மறுத்ததும் இல்லை.

அவருடைய தம்பி பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். சிறு வயதில் இருவரும் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள். கல்வட்டத்தை அளக்க ஆராய்ச்சிக்காரர்கள் வந்து, குறுக்குக் கல் எங்கே போயிற்று என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டபோது, பின்வரிசையிலிருந்து தம்பி எழுந்தார். "எங்க வீட்டு வாசல்ல இருக்கு. எங்கப்பா எடுத்துட்டு வந்தது" என்றார். முன்வரிசை நாற்காலி ஒன்று காலியாயிற்று.

"மல்லாந்து படுத்து எச்சில் துப்பியிருக்கே. யார் மார்ல விழுந்துச்சுன்னு பாத்தியா?" என்றார் அண்ணன், வீட்டுக்கு வந்ததும்.

"திருடினதைத் திருடினதுன்னு சொன்னேண்ணே. திருப்பி வச்சுட்டா தீர்ந்துபோச்சு."

"செத்தவருக்குத் திருட்டுப் பட்டமா? இனிமே இந்த வாசல்ல நீ கால் வைக்காதே."

தம்பி அன்றே பின்தெருவில் வாடகைக்குக் குடிபோனார். வேறு சாட்சி கிடைக்காமல் ஆராய்ச்சிக்காரர்களும் போனார்கள். பேச்சுவார்த்தை இல்லாமலே இருவருக்கும் தலை நரைத்தது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் தம்பி கூட்டத்தின் கடைசியில் வந்து நிற்பார். வெளிச்சம் முகத்தில் பட்டதும் போய்விடுவார். தம்பி மார்புச் சளியோடு வந்து நின்ற ஆண்டில்தான் அண்ணனுக்கு அந்த யோசனை வந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "அப்பா காசு கொடுத்து வாங்கின கல்லுன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும். திறக்கறேன்."

கூட்டம் தம்பியைச் சூழ்ந்தது. "சொல்லித் தொலையும்யா, வாய் வார்த்தைதானே" என்றார்கள். "உங்க வீட்டுச் சண்டையில என் துணி காயலை" என்றார் சலவைக்காரர். தம்பி இருமினார், சொல்லவில்லை. உச்சிப்பொழுதாக வேண்டிய நேரம் இருட்டாகவே கடந்தது. குளிர் ஏறியது. கூட்டம் கலைந்தது. தம்பி மட்டும் வாசற்படியில் உட்கார்ந்தார்.

உள்ளே வெளிச்சத்தில் வியர்த்துக்கொண்டிருந்தார் அண்ணன். அந்த இருமல் அவருக்குத் தெரியும். ஒரே போர்வைக்குள் கேட்ட இருமல். "தம்பி செத்துப்போயிடுவாருங்க, திறந்துவிடுங்க" என்று மனைவி அழுதார். குவாரிக்காரர் தாழில் கை வைத்தார். அப்போது வெளியிலிருந்து "அண்ணே" என்று குரல் வந்தது. மிச்ச வார்த்தைக்காகக் காத்திருந்தார். மிச்ச வார்த்தை வரவில்லை.

தம்பியை விளக்கு வெளிச்சத்தில் எடுத்துப் போனார்கள். அப்போதும் கதவு திறக்கவில்லை. திறந்தால் தான் தோற்றதாக ஆகிவிடும் என்று அவர் நினைத்தார். அவன் அதைத்தான் சொல்ல வாயெடுத்தான், மூச்சு முந்திக்கொண்டது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தாழிட்ட வீட்டில் சூரியனும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மனைவி கூடத்தில் கொடி கட்டித் துணி காயவைத்தார். வாசலில் கூடுவதை ஊர் நிறுத்தியது. பள்ளிக்கும் குவாரிக்கும் அன்று விடுமுறை விட்டார்கள்.

குவாரிக்காரர் இறந்த ஆண்டில், அந்த நாள் வந்ததும் மனைவி முதல் வேலையாகக் கதவை அகலத் திறந்தார். வெளியே ஒருவரும் இல்லை. கொழுந்தனார் உட்கார்ந்த படியைக் கடந்து வெளிச்சம் தெருவில் இறங்கி, சன்னல்களுக்குள் நுழைந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து, கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு ஒருவர் கத்தினார்:

"யாரும்மா அது? வருஷத்துல ஒரு நாள்தான் நிம்மதியா தூங்கறோம். கதவைச் சாத்துங்க."

குவாரிக்காரரின் மனைவி ஒருமுறை படியைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, ஈரத்துணிகளைக் கொடியில் போடப் போனார்.