செரோப் யோசிக்கிறான்

"மேஜையைத் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன்!"

கார்னிக் போட்ட கூச்சலில் சவப்பெட்டி இரண்டாவது மாடி வாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றுவிட்டது. காலிப் பெட்டிதான் என்றாலும் கனம் கனம்தானே. தூக்கி வந்த நான்கு பேருக்கும் மூச்சு வாங்கியது. பின்னால் இருந்த இருவருக்கு உள்ளே என்ன சண்டை என்றே தெரியவில்லை. படிக்கட்டில் ஒரு காலும் வாசலில் ஒரு காலுமாக நின்று, சாவு வீடு என்றும் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளறையில் அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஷுஷான் ஓடி வந்தாள். அந்த வீட்டில் சவப்பெட்டி வைக்கத் தோதான மேஜை ஒன்றே ஒன்றுதான். அதன்மேல் சதுரங்கப் பலகை இருந்தது. பலகையில் ஆட்டம் பாதியில் நின்றது. பலகைக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கார்னிக் நின்றார்.

"கார்னிக் மாமா, அப்பாவை வேற எங்க வெக்கிறது?"

"ஆட்டம் முடியலம்மா. செரோப் முறை."

"அப்பா செத்துட்டாரு மாமா."

"எனக்குத் தெரியாதா? நான்தான முதல்ல பார்த்தேன்!"

முதலில் பார்த்தது அவர்தான், சரி. ஆனால் கடைசியில் புரிந்துகொண்டதும் அவர்தான்.

முந்தின நாள் காலை வழக்கம்போல இரண்டு பேரும் ஆட உட்கார்ந்திருந்தார்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செரோப் ஒரு பக்கம். முடிதிருத்தும் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்த கார்னிக் எதிர்ப்பக்கம். செரோபின் முறை வந்தது. தலையைக் குனிந்து, கன்னத்தில் கை வைத்து யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசிக்கும் லட்சணம் கியூம்ரி நகரம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஒரு காயை நகர்த்துவதற்குள் காபி ஆறி ஆடை கட்டிவிடும். ஒருவன் யோசிக்கும்போது மற்றவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது இருவருக்கும் இடையே சட்டம். கார்னிக் வாயைத் திறக்கவில்லை. தன் காபியைக் குடித்தார். பிறகு செரோபின் காபியையும் குடித்தார். ஜன்னலுக்கு வெளியே மார்ச் மாதப் பனி உருகிச் சொட்டுவதைப் பார்த்தார். கடைசியில் பொறுமை போய், "நகர்த்துடா கழுதை, எனக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும்" என்றார். அதற்கும் பதில் இல்லை.

"செத்தவன் எதிர்ல உக்காந்து அவ்வளவு நேரம் பயந்துக்கிட்டே இருந்தேன்மா" என்று துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார் கார்னிக். "பாவி என்னமோ பெருசா கண்டுபிடிச்சிட்டான், என்னைத் தொலைக்கப் போறான்னு நெனச்சேன்."

அழ வந்தவர்கள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார்கள். ஷுஷானுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆட்டத்தில் அப்பா ஜெயித்திருப்பாரா தோற்றிருப்பாரா என்பதே அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். தோற்றவர் பால்கனியில் போய் நின்று, முற்றமே கேட்கும்படி, "நான் கழுதை!" என்று கத்த வேண்டும். அவர்கள் இருவரும் வாலிபத்தில் போட்டுக்கொண்ட பந்தயம் அது. எதிர்வீட்டு பால்கனியில் துணி உலர்த்தும் வார்சிக், "தெரியும்டா!" என்று பதிலுக்குக் கத்துவாள். கீழே கார் கழுவுகிறவன் முதல் ரொட்டி வாங்கப் போகிறவள் வரை எல்லோரும் சிரிப்பார்கள். நாற்பது வருடமாக இந்த முற்றத்தில் கழுதைப் பட்டம் இருவருக்கும் மாறி மாறித்தான் போய்க்கொண்டிருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் அது செரோபிடமே தங்கிவிட்டது. நெஞ்சில் சளி கட்டி, உடம்பு பாதியாகி, ஆடின ஆட்டமெல்லாம் தோற்றார். தோற்றதும் தள்ளாடிப் போய் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவார். குரல் முற்றத்தைத் தாண்டாது. வார்சிக் பார்த்துவிட்டு, கேட்காததுபோல உள்ளே போய்விடுவாள்.

"வார்சிக் கூட பதில் சொல்ல மாட்டேங்கறாம்மா" என்றார் ஒருநாள். "பரிதாபப்படறா. ஒரே ஒரு தடவை அந்தக் கார்னிக்கைக் கழுதையாக்கிட்டுப் போயிட்டா போதும் எனக்கு."

ஷுஷானுக்கு அதைக் கேட்டுத் தாங்கவில்லை. கார்னிக்கை மாடிப்படியில் வழிமறித்து, "மாமா, ஒரு ஆட்டம் தோத்துப் போங்களேன், உங்க கால்ல விழறேன்" என்றாள். மனிதர் கொதித்துப் போனார்.

"பிச்சை போடச் சொல்றியா? செரோபுக்கா? அவன் கண்டுபிடிச்சா என் மூஞ்சில துப்புவான். துப்பணும்!"

இப்போது அந்தக் கடைசி ஆட்டம்தான் மேஜைமேல் இருந்தது.

வாசலில் நின்றவர்களின் கை விட்டுப்போகும் நேரத்தில் ஷுஷானின் கணவன் வாச்சிக் ஒரு வழி சொன்னான். அவனுக்குக் கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் கடை.

"படம் எடுத்து வெச்சுக்கலாம் மாமா. காயெல்லாம் கீழ விழுந்தாலும் அப்படியே திரும்ப அடுக்கிடலாம்."

எடுத்தான். பிறகு கார்னிக் பலகையைக் கொதிக்கும் சூப்பு நிறைந்த தட்டைப்போல ஏந்திக்கொண்டு, அடிமேல் அடி வைத்து பால்கனிக்கு நடந்தார். ஒரு காய்கூட விழவில்லை. சவப்பெட்டி உள்ளே வந்தது. யாரோ அவசரமாக சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள்.

வாச்சிக்கின் கை சும்மா இருக்காது. எடுத்த படத்தைத் தன் செல்போனில் இருந்த சதுரங்க ஆட்டத்துக்குள் ஏற்றினான். அவன் முகம் மாறியது.

"ஷுஷான்! உங்கப்பாதான் ஜெயிக்கிறாரு! வெள்ளை ஜெயிக்குதுன்னு சொல்லுது. யானையைப் பலி குடுத்தா போதுமாம். அந்தச் சிப்பாயை யாராலயும் தடுக்க முடியாது, ராணியாயிடுமாம்!"

வெள்ளை அப்பாவுடையது. ஷுஷான் உள்ளறைக்கு ஓடினாள். கட்டிலில் கிடந்தவரின் காதருகே குனிந்து, "ஜெயிச்சிட்டீங்கப்பா" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை சரியாக வந்தது.

திரும்பி வந்தால் கார்னிக் அந்தச் செல்போனைச் செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சது யாரு? செரோபா, இந்தச் செல்போனா?"

"அது உலகத்துலயே பெரிய ஆட்டக்காரங்களை எல்லாம் தோக்கடிக்குது மாமா" என்றான் வாச்சிக்.

"அடிக்கட்டும். அதுக்கு செரோபைத் தெரியுமா? செரோப் யானையைக் குடுப்பானா? பொண்ணைக் கட்டிக் குடுக்கவே அவ்வளவு யோசிச்சவன்டா அவன். இந்த எடத்துல அவன் குதிரையைத்தான் தூக்குவான்."

"அப்பா ஜெயிச்சாருன்னு சொன்னா உங்களுக்கு என்ன கொறஞ்சு போயிடும்?" என்று ஷுஷான் கத்திவிட்டாள்.

"கொறஞ்சு போயிடும்" என்றார் கார்னிக். ரேசரை எடுத்துக்கொண்டு, கடைசியாக ஒரு முறை செரோபுக்குச் சவரம் செய்துவிட உள்ளே போனார்.

விஷயம் முற்றத்துக்கு இறங்கிவிட்டது. மேலே பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். கீழே துக்கத்துக்குக் கட்டிய தார்ப்பாய்ப் பந்தலுக்கு அடியில் ஆண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். யானைக் கட்சியில் ஆள் அதிகம், ஏனென்றால் செல்போன் அவர்கள் பக்கம். குதிரைக் கட்சியில் கிழவர்கள் மட்டும். மறுநாள் அடக்கத்துக்கு வந்த பாதிரியார் "ஆண்டவர் இவர் ஆத்மாவுக்கு ஒளி தருவாராக" என்று கண்ணை மூடியவர், திறக்கும்போதெல்லாம் பால்கனிப் பக்கமே திறந்தார். ஜெபம் முடிந்ததும் ஷுஷானிடம் மெல்ல, "வெள்ளைக்கு முறைதானே மகளே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

செரோபைப் புதைத்தார்கள். வாடகைக்கு எடுத்த கூடத்தில் வேகவைத்த மாட்டிறைச்சியும் லவாஷ் ரொட்டியும் வைத்து, துக்க வழக்கப்படி கோப்பைகளை மோதாமல் குடித்துச் சாவுச் சாப்பாடு முடித்தார்கள். பிற்பகலில் வீடு திரும்பியபோது கார்னிக்கும் கூடவே மாடி ஏறி வந்தார். பால்கனியிலிருந்து பலகையைக் கொண்டுவந்து காலியாக இருந்த மேஜைமேல் வைத்தார்.

"வாச்சிக், உன் செல்லை எடு. முடிச்சிருவோம்."

"யாரு கூட மாமா?"

"யாரு கூடன்னா? செரோப் கூடத்தான்."

சுற்றிப் போய் செரோபின் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். செரோபைப் போலவே மூன்று தரம் இருமினார். மந்திரியின் தலையை ஒரு விரலால் தொட்டு, சுட்டுவிட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். யானையைப் பார்த்தார். 'சேச்சே' என்று தலையாட்டினார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். ஷுஷான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்திருப்பது கார்னிக் என்று கண்ணுக்குத் தெரிந்தும் நெஞ்சுக்குத் தெரியவில்லை. காபி ஆறுகிற நேரம் கழித்து, அவர் கை குதிரையைத் தூக்கி வைத்தது.

ஆமாம். அப்பா அதைத்தான் ஆடியிருப்பார். ஷுஷானுக்கும் அது தெரியும். செல்போன் கொடுத்த சந்தோஷத்தில் மறந்திருந்தாள், அவ்வளவுதான்.

"போச்சு!" என்றான் வாச்சிக். "இப்ப கறுப்பு ஜெயிக்குது. ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினா போதும்…"

"யோசிக்கும்போது பேசாதடா!"

கார்னிக் தன் நாற்காலிக்கு மாறினார். கறுப்பு ராஜாவின் அருகே அவர் கை போனது. அங்கேயே நின்றது. நிமிர்ந்து எதிர் நாற்காலியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையை எடுத்து, தன் யானையால் ஓரத்தில் கிடந்த ஒரு சிப்பாயை வெட்டினார்.

"ஐயோ மாமா! அங்க வெச்சா குதிரை ராஜாவுக்கும் யானைக்கும் சேர்த்து செக் வெச்சிடும்! நான்தான் சொன்னேனே!"

"உன் செல்போன் எதிர்ல செரோப் என்னைக்காவது உக்காந்து இருமியிருக்கானா?" என்றார் கார்னிக். "வேணும்னே இருமுவான், திருட்டுப்பய. எனக்குக் கோவம் வரும். கோவம் வந்தா கைல கெடைச்சதை வெட்டிருவேன். நாப்பது வருஷமா நான் தோத்ததெல்லாம் அப்படித்தான். போய்க் கேட்டுப் பாரு, எல்லாருக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரியும், உண்மைதான். இந்தக் குளிர்காலத்தில் அவர் ஏன் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை என்பது ஷுஷானுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவின் இருமல் நிஜ இருமலாகிவிட்டது. அதன்மேல் கார்னிக்குக்குக் கோபமே வரவில்லை. இரும இரும, பயந்துபோய், நிதானமாக ஆடினார். ஜெயித்தார்.

கார்னிக் எழுந்து சுற்றிப் போய் செரோபின் குதிரையை நகர்த்தினார். இந்தப் பக்கம் வந்து தன் ராஜாவை ஒதுக்கினார். திரும்பச் சுற்றிப் போய்த் தன் யானையைத் தானே வெட்டினார். "பாரு, பல்லை இளிக்கிறான்" என்று நாற்காலியைக் காட்டினார். இன்னும் சில நகர்த்தலில் வெள்ளைச் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டு ராணியானது. கறுப்பு ராஜாவைப் படுக்க வைத்தார். வாச்சிக் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"மாமா" என்றாள் ஷுஷான். "கத்த வேண்டாம். சாவு வீடு."

"சட்டம் சட்டம்தான்."

பால்கனிக் கதவைத் திறந்தார். கீழே தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் இருந்த கறுப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கம்பியைப் பிடித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"நான் கழுதை!"

தார்ப்பாயைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். எதிர் பால்கனியில் வார்சிக் கறுப்பு உடையோடு துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கையும் நின்றது. ஷுஷான் அவளையே பார்த்தாள். உள்ளே போய்விடாதே, போய்விடாதே என்று மனம் அடித்துக்கொண்டது. வார்சிக் தலைத்துணியின் நுனியால் மூக்கைத் துடைத்தாள்.

"தெரியும்டா!" என்று கத்தினாள். "செரோப் எப்பவோ சொல்லிட்டான்!"

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு முற்றமே சிரித்தது. ஷுஷானும் சிரித்தாள். கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

கார்னிக் உள்ளே வந்து காய்களைப் பெட்டியில் அள்ளிப் போட்டார். பலகையை மடித்துப் பெட்டியோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல வழக்கப்படி கல்லறைக்கு எத்தனை மணிக்குக் கெளம்பறீங்க?"

"வெயில் வந்ததும் போலாம் மாமா. பலகை எதுக்கு?"

"தோத்தவனுக்கு வெள்ளை" என்றார், கதவைத் தாண்டியபடி. "நாளைக்கு நான்தான் முதல்ல நகர்த்தணும்."

படியிறங்கும்போது யாரையோ திட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு படிக்கும் பெட்டிக்குள் காய்கள் குலுங்குவது கீழ்த்தளம் வரை கேட்டது.