நாலு கைகுலுக்கல்

மேயராகிப் பதினாலு மாதத்தில் நான் கண்டது ஒன்றுதான்: இந்த நகரசபையில் எந்தக் காரியமும் நேராக நடக்காது. பாக்தாத்தை விட்டு வந்து ஒஹாயோவின் இந்தச் சின்ன ஊரில் இருபத்திரண்டு வருடம் பழைய கார் விற்றவன் நான். காலையில் பேரம் தொடங்கினால் மாலைக்குள் சாவி கைமாறிவிடும். இங்கே ஒரு குப்பைத்தொட்டியை நாலடி நகர்த்த மூன்று கூட்டம் போடுகிறார்கள். மூன்றிலும் தேசபக்திப் பேச்சு வேறு.

ஆற்றுப் பாலம் விரிசல் விட்டு மூடி இரண்டு வருடம். அக்கரையில் முந்நூறு வீடுகள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், ஆனால் வந்து சேரப் பதினோரு மைல் சுற்ற வேண்டும். அங்கே குடியிருக்கும் ஜோலீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வாரம் தவறாமல் எனக்குப் போன் போட்டுத் திட்டுவாள்.

ஒருவழியாக மாநில அரசு இறங்கிவந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சபையின் தீர்மானம் போய்ச் சேர்ந்தால் பாலத்தை அவர்கள் செலவிலேயே கட்டித் தருவார்கள். தாண்டினால் அந்தப் பணம் அடுத்த ஊருக்குப் போய்விடும். எங்கள் கூட்டம் வியாழக்கிழமை. ஏழு உறுப்பினர்களில் நாலு பேர் கை தூக்கினால் போதும்.

சபையை நம்பி விடுவேனா? எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். ஒரே காருக்கு வந்த இரண்டு பேரை ஒரே அறையில் உட்கார வைக்கவே கூடாது, அது எங்கள் தொழிலில் பாலபாடம். நாலு பேரையும் ஒவ்வொரு நாளாக என் பழைய கார் கடைக்கு வரவழைத்தேன். ஏலக்காய் தட்டிப்போட்ட தேநீர் கொடுத்தேன். "சரி, எது உங்களைத் தடுக்குது? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டேன். ஒருவருக்கு நடைபாதை வேண்டும், இன்னொருவருக்கு விளக்கு. ஒத்துக்கொண்டு, கைகுலுக்கி, "அவர் சரின்னுட்டாரு, இப்ப நீங்கதான் பாக்கி" என்று அடுத்தவரிடம் பேச்சைத் தொடங்கினேன். புதன்கிழமை நாலும் முடிந்தது. அன்று எனக்கிருந்த சந்தோஷம் தேர்தலில் ஜெயித்த அன்றுகூட இல்லை.

வியாழன் கூட்டத்தில் நாலு கைகளும் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது என்று சொல்ல வாயெடுத்தேன். டுவேன் தொண்டையைச் செருமினான். சுற்றுவழியில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் உறுப்பினர் அவன். ஆதாயம் இருப்பதால் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்ட உத்தமன்.

"ஓட்டுதான் போடக்கூடாது, கேள்வி கேக்கலாம்ல? மேயரே, இந்த நாலு பேர் ஓட்டையும் உங்க கடையிலயே பேசி முடிச்சுட்டீங்களாமே?"

நாலு பேரும் மேசையைப் பார்த்தார்கள். சபையின் வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படி இருந்தா இந்த ஓட்டு செல்லாது, சர்கோன். முடிவு ஜனங்க முன்னாடி எடுக்கணும். தனித்தனியாப் பேசிச் சேர்த்தாலும் குத்தம்தான். திரும்ப நடத்த மூணு நாள் முன்னாடி அறிவிப்புப் போடணும்."

பதவியேற்ற அன்று எழுத்தர் வெர்னா கொடுத்த விதிப் புத்தகத்தில் இது இருந்திருக்க வேண்டும். என் வாடிக்கையாளர்கள் கடன் பத்திரத்தைப் படிப்பதுபோலத்தான் நானும் படித்தேன், கையெழுத்து எங்கே போடுவது என்று தேடி.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாலு பேரும் தலையாட்டியிருப்பார்கள், பாலம் வந்திருக்கும். நான் பிறந்த ஊரில் எல்லாமே சாத்திய கதவுக்குப் பின்னால்தான் முடிவாகும். அதற்குப் பயந்துதான் ஓடி வந்தேன். இங்கே கதவைச் சாத்தியவன் நானேதான் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. டுவேன் மேல் வந்த ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஆமா, பேசினேன்" என்றேன்.

வெர்னா நிமிராமல் எழுதிக்கொண்டாள். தீர்மானம் செத்தது. டுவேன் எழுந்து வந்து, என் நேர்மையைப் பாராட்டுவதாகச் சொல்லிக் கையை நீட்டினான். நான் காகிதங்களை அடுக்குவதுபோல் பாவனை செய்தேன்.

வெளியே படிக்கட்டில் ஜோலீன் நின்றிருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"என் மச்சானுக்கு அந்த ஓட்டை வேனை வித்தப்ப வராத உண்மை, இன்னைக்கு எங்கேர்ந்துய்யா வந்துச்சு?"

அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போடுவோம் என்றேன். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் வீடு எதிர்க்கரையில்தான், சமையலறை விளக்கு எரிவதுகூட எனக்குத் தெரிந்தது. வண்டியில் ஏறி, ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.