ஆறாம் பிரிவின் காலியிடம்

1

இந்தக் கதை எனக்குச் சட்டவிரோதமாகக் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் படித்தால் நீங்களும் உடந்தை.

டுமகெட்டே என்ற கடலோரத் தீவு நகரில் என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில். அந்தப் பக்கம் ஹால்வார்ட். நார்வேக்காரர், எழுபத்து நான்கு வயது, மனைவி காலமாகிவிட்டாள், வேலையிலிருந்த காலமெல்லாம் லிஃப்ட் பரிசோதகர். அவர் வீட்டிலேயே தங்கி வேலை செய்பவள் பிரெசிங். ஞானஸ்நானப் பெயர் பிரெசென்டாசியோன்; அதைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் சோறு குழைந்துவிடும். அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. என்னை ‘நொங்’ என்பாள், அண்ணன் என்று. நான் அவளைவிட ஆறு வயது சின்னவன். என் தலைமுடி அப்படி.

இந்த நாட்டு வீட்டுவேலைச் சட்டப்படி, வேலை செய்யும் வீட்டின் சங்கதி வெளியே போகக் கூடாது. பிரெசிங் தினமும் காலையில் துணியோடு சேர்த்துச் சங்கதியையும் மதில்மேல் காயப்போட்டாள். நான் எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன். கதையின் பூர்வீகம் அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: ‘கடல் அன்று அமைதியாக—’ வேண்டாம். இந்தக் கதையில் ஒருவரும் கடலைப் பார்க்கவில்லை. பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘தனிமையில் வாடிய ஹால்வார்ட்—’ அவர் எங்கே வாடினார்? நூற்றுப்பத்து கிலோ.

மூன்றாவது: செவ்வாய்க்கிழமை காலை காபிக்கடைக்குப் போன ஹால்வார்ட் முகம் வெளிறித் திரும்பி வந்து, அடுக்களை வாசலில் நின்று, "பிரெசிங், நான் ஒரு குற்றவாளி" என்றார்.

இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

பிரெசிங் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "யாரைக் கொன்னீங்க சார்?"

"யாரையும் இல்ல. உங்களைத்தான். ரெண்டு வருஷமா."

"நான் உசுரோடதான் இருக்கேன். கொஞ்சம் தள்ளுங்க, செதில் தெறிக்கும்."

காபிக்கடையில் இன்னொரு வெள்ளைக்காரர் சட்டத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்திருந்தார். வேலைக்கு வைத்தால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். வட்டார அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, தனியாகத் தூங்க இடம், வாரத்தில் தொடர்ந்து இருபத்து நான்கு மணி நேரம் ஓய்வு. நாற்பத்தோரு வருஷம் அடுத்தவர் தப்பையே கண்டுபிடித்த மனிதர், தன் தப்பு ஒரு பக்கம் நிறைய இருப்பதைப் பார்த்து ஆடிப்போய்விட்டார்.

3

முதலில் ஓய்வை அமல்படுத்தினார். சனிக்கிழமை மாலை ஆறிலிருந்து ஞாயிறு மாலை ஆறு வரை பிரெசிங் ஒரு துரும்பைக்கூட எடுக்கக் கூடாது. துடைப்பத்தைத் தன் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.*

ஞாயிறு அன்று அவரே சமைத்தார். அரிசியை உருளைக்கிழங்கு வேகவைப்பது போல வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி தண்ணீர் ஊற்றினார். பிரெசிங் தன் அறை வாசலில் நாற்காலி போட்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சார், புகை வருது."

"ஓய்வெடுங்க!"

"நான் ஓய்வாத்தான் சொல்றேன். புகை வருது."

"இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. பேசறதும் வேலைதான்!"

அந்தச் சட்டி இன்றைக்கும் கோழிக்குத் தண்ணீர் வைக்கத்தான் ஆகிறது.

[*துடைப்பம் பூட்டியது நான் சேர்த்தது. ஒளித்துத்தான் வைத்தார். பூட்டினால் இன்னும் நன்றாக இருக்கிறது.]

4

அடுத்த புதன்கிழமை ஒப்பந்தத் தாள் வந்தது. பிரெசிங் அதைப் பார்த்ததும் ஈரக் கையைத் துடைக்காமலேயே பின்வாங்கினாள்.

காரணம் உண்டு. செபு நகரில் முன்பு வேலை செய்த வீட்டில், ஒன்பது வருஷம் கழித்து ஒருநாள் காலை, வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினாள். மத்தியானம் பிரெசிங்கின் பை வாசலில் இருந்தது. அவளுக்குத் தெரிந்த வரைக்கும் தாள் என்றால் அனுப்பிவைக்கிற தாள்தான். இந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக இடம் கிடையாது. அதைவிட, போகவும் பிடிக்கவில்லை.

எனவே கையெழுத்துப் போடாமலிருக்க வழி தேடினாள். கண்ணாடி தொலைந்துவிட்டது என்றாள். கண்ணாடி தலைமேல் இருந்தது. கை சுளுக்கிவிட்டது என்று கட்டுப் போட்டாள், இடது கையில். வெள்ளிக்கிழமை ஒரு புனிதரின் நாள், அன்று மை தொடக் கூடாது என்றாள். அப்படி ஒரு புனிதர் இல்லை.

ஹால்வார்டுக்கோ வேறு கவலை. கையெழுத்துப் போட மறுக்கிறாள் என்றால் புகார் கொடுக்கப்போகிறாள், தன்னை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அவர் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். அதைப் பார்த்து பிரெசிங், தன் பையைக் கட்டத்தான் ஒத்திகை என்று நினைத்தாள்.

[இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். இவ்வளவு வாய் உள்ள பெண் இப்படிப் பயப்படுவாளா? மதிலில் கேட்டேன். "பயம்னு எழுதாத நொங். ஜாக்கிரதைன்னு எழுது" என்றாள். சரி, ஜாக்கிரதை. ஆனால் சொல்லும்போது ஒரே தலையணை உறையை மூன்று தடவை பிழிந்தாள்.]

5

இரண்டாவது ஞாயிறு. ஓய்வு நாள், செய்ய ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல் பிரெசிங் தாளைப் படித்தாள். எல்லாக் கட்டமும் நீலப் பேனாவால் கட்டைவிரல் தடிமனில் நிரப்பியிருந்தது. ஆறாம் பிரிவு, ஒப்பந்தக் காலம். அங்கே மட்டும் பென்சிலில் மெல்லிசாக ஒரு ‘1’.

அவ்வளவுதான். ஓய்வாவது ஒன்றாவது. நேரே அடுக்களைக்குப் போனாள்.

"ஒரு வருஷத்துல என்னை அனுப்பிடலாம்னா, அதை வாயால சொல்லக் கூடாதா சார்? பென்சில்ல எழுதி வெப்பீங்களா?"

ஹால்வார்ட் கரண்டியோடு திரும்பினார். "யார் அனுப்பறா?"

"பின்ன இது என்ன?"

"எவ்வளவு நல்ல லிஃப்டா இருந்தாலும் ஒரு வருஷத்துக்கு மேல நான் சான்றிதழ் குடுத்ததில்ல. கயிறு எப்ப அறும்னு யாருக்குத் தெரியும்?"

"என் கயிறு நல்லாத்தான் இருக்கு!"

"உங்க கயிறைச் சொல்லல பிரெசிங்" என்றார் அவர். "என்னோடதைச் சொல்றேன்."

‘அவள் கண்களில் நீர்—’ இல்லை, இல்லவே இல்லை. அவள் அடுப்பை அணைத்தாள். சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "இதுக்குத்தான் உப்பைக் குறைங்கன்னு ரெண்டு வருஷமா அடிச்சுக்கறேன்" என்றாள். பிறகு, "ரப்பர் எங்க?"

"இன்னிக்கு உங்களுக்கு ஓய்வு. அழிக்கறதும் வேலைதான்."

"இது வேலையில்ல சார். இது என் விஷயம்."

அவள் அந்த ஒன்றை அழித்தாள். தாள் கிழிந்துவிடுமோ என்று அவர் பயப்படும் அளவுக்கு அழித்தாள். அப்புறம் கையை நீட்டினாள். புது எண்ணை எழுத அவர் பேனாவைக் கொடுத்தார்.

6

திங்கட்கிழமை காலை மதிலருகே அவள் இதுவரை சொல்லியிருந்தபோது, உள்ளிருந்து ஹால்வார்ட் கூப்பிட்டார்; வட்டார அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. "மீதியை வந்து சொல்றேன் நொங்" என்று போனாள்.

போனாள், அங்கே அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டாள், பதிந்தாள். மறுநாள் துணியோடு வந்தாள்.

"எத்தனை வருஷம் எழுதின?"

"சொல்ல முடியாது நொங். வீட்டு விஷயம் வெளிய போகக் கூடாது. எட்டாம் பிரிவு."

"நேத்துக் காலைல வரைக்கும் சொன்னியே!"

"நேத்துக் காலைல நான் கையெழுத்துப் போட்டிருக்கல."

நான் விடவில்லை. மூன்று என்று முடித்துப் பார்த்தேன், கதை சோகமாகிவிட்டது. முப்பது என்று முடித்தேன். ஹால்வார்ட் நூற்று நான்கு வயதில் அரிசி வேகவைக்கிறார், ஊருக்கே ஆபத்து. ஒவ்வொரு எண்ணாக மதில்மேல் சொல்லிப் பார்த்தேன். "அஞ்சா?" படுக்கை விரிப்பை உதறினாள். "பத்தா?" துணிக் கவ்வியை வாயில் வைத்துக்கொண்டாள். "அதுக்கும் மேலயா?"

உள்ளேயிருந்து, "பிரெசிங், மீனுக்கு உப்பு?" என்று குரல் வந்தது.

கவ்வியை எடுத்தாள். "தொடாதீங்க! வரேன்!"

ஓடினாள். ஆகவே எனக்குத் தெரியாது. சட்டப்படி தெரியவும் கூடாது. நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

6. ஒப்பந்தக் காலம்: ____________ ஆண்டுகள்.

பேனாவால் எழுதுங்கள். பென்சில் என்றால் பிரெசிங் அழித்துவிடுவாள்.