மந்திரிக்கு அரைப்பேர்

1.

இந்தக் கதை ஒரு பூமாலையில் பிறந்தது. அந்த மாலையைக் கட்டிய ஐந்து பெண்களில் நானும் ஒருத்தி. அதை ஒளித்துவிட்டு, தவறெல்லாம் மந்திரியுடையது என்பதுபோல் தொடங்க எனக்கு ஆசைதான். தொடங்கியும் பார்த்தேன். பேனா நகரவில்லை. ஆகவே இங்கேயே ஒப்புக்கொள்கிறேன், கண்ணுகளா: முதலில் பிழைவிட்டது நாங்கள்.

எழுதிவிட்டுக் கைவிட்ட தொடக்கங்கள் இரண்டு.

யட்டியாந்தோட்டைக்கு மேலே மலைகளைப் பனி மூடியிருந்த ஒரு காலையில், கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் சுதாகரன் அவர்களின் வாகனம் —

(நிறுத்தினேன். வாக்கெடுப்பைப் பற்றிய கதைக்குப் பனி எதற்கு? சுதாகரன் என்ற பெயரும் நான் வைத்ததுதான். பாராளுமன்ற உறுப்பினர் யாரானாலும் எங்கள் தோட்டத்தில் அவர் மந்திரிதான். தேட வேண்டாம்.)

வாக்கு என்பது ஜனநாயகத்தின் —

(இதையும் நிறுத்தினேன். இப்படிப் பேசுகிறவர்களுக்குக் கைதட்டித் தட்டியே எங்கள் கை காய்த்துப்போனது.)

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். நாற்பத்தொரு வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். கடையில் சாமான் சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டுகளை எழுத்துக்கூட்டி மீதியைப் படித்துக்கொண்டேன். அதனாலோ என்னவோ, என் கதைகளும் ஓரம் கிழிந்தே நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில், மடியில் குழந்தையோடு உட்கார்ந்து, அந்தக் கிழிசலையும் சேர்த்துக் கேட்டுக்கொள்பவர்கள் நீங்கள். இம்முறை வெளியாட்களும் படிப்பார்களாம். அவர்களுக்கும் புரியச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.

கதையில் யாருக்கு என்ன போகப் பார்த்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

என்னோடு கொழுந்து பறிக்கும் பிலோமினம்மாவின் குசினிச் சுவரில் ஒரு வெடிப்பு. போன வருட மழையில் விரல் நுழையும் அளவு இருந்தது. இந்த வருடம் கை நுழைகிறது. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண் மேடு மெல்ல இறங்குகிறது என்று அதிகாரிகள் வந்து பார்த்து, பத்தொன்பது குடும்பங்களின் கதவிலும் சிவப்பு அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்கள். போவதற்கு இடம் இருக்கிறது. ஆறாம் நம்பர் மலையில் தட்டையான நிலம். ஆனால் அதைப் பிரித்து, ஒரு சின்ன வீடு கட்டும் அளவுக்கு ஆளுக்கு ஏழு பேர்ச் காணி என்று உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க ஒரு சட்டம் வேண்டும். போன வருடம் அப்படியொரு சட்டமும் பாராளுமன்றத்துக்கு வந்தது. இரண்டு வாக்கால் தோற்றது.

மழை பெய்தால் பிலோமினம்மா ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

"உள்ள போய்ப் படேன்டி" என்றால், "நீங்க வேணும்னா வந்து படுங்கக்கா, செவுரு எடம் விட்டுத்தான் இருக்கு" என்பாள்.

அந்தச் சட்டம் மறுபடி வருகிறது, புதன்கிழமை வாக்கெடுப்பு என்று செய்தி வந்தது. அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை மந்திரி நம் தோட்டத்துக்கு வருகிறார் என்று தொழிற்சங்கத் தலைவர் பழனியாண்டி வந்து சொன்னார்.

"நம்ம ஆளு. மேடைக்கு மேடை காணி காணின்னுதான் பேசுறாரு. பெருசா ஒரு மாலை போட்டுரணும்."

3.

இங்கேதான் எங்கள் பிழை வருகிறது.

மாலை போடுமுன் ஆளைப் பார்ப்போமே என்று நான்தான் சொன்னேன். நிரோஷா கடைவீதியில் போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிற பெண். பாராளுமன்றத்துக்கு யார் எத்தனை நாள் போனார்கள் என்ற பட்டியலைப் போனில் தேடி, அச்செடுத்து வந்தாள்.

"எண்பத்தொம்பது நாள்ல எண்பத்தேழு நாள் போயிருக்காரு, அத்தே!"

எங்களுக்கு வாய் மூடவில்லை. வெளியாட்களுக்கு ஒரு வார்த்தை: தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு. களத்தில் எல்லாரும் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை பேரைக் கூப்பிடுவார். பிந்தினால் திருப்பி அனுப்புவார், இல்லாவிட்டால் பாதி நாள் கணக்குத்தான் போடுவார். காய்ச்சலோ பிரசவமோ, பெரட்டைத் தவறவிடாதவள் என்பதற்கு மேல் எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்குப் புகழ்ச்சி கிடையாது. எண்பத்தேழு நாள் பெரட்டுக்குப் போன மனிதர் என்றதும் மனம் இளகிவிட்டது. செவ்வந்தி வாங்கிவரச் சொன்னோம். சனிக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கட்டினோம். அப்படியொரு மாலையை நான் என் கலியாணத்திலும் கண்டதில்லை.

சாயங்காலம் நிரோஷா இன்னொரு கட்டுத் தாளோடு வந்தாள். முகம் சரியில்லை.

"இது ஹன்சாட். சபையில நடந்ததெல்லாம் அப்படியே இருக்கும். நம்ம விசயத்துல பேர் கூப்பிட்டு வாக்கெடுத்தது பதினாலு தடவ. மந்திரி அஞ்சுக்குத்தான் 'ஆம்' சொல்லியிருக்காரு."

"மத்ததுக்கு இல்லேன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலத்தே. அந்த நேரம் ஆளே இல்ல. காணிச் சட்டத்துக்கும்தான். காலையில வந்த பட்டியல்ல பேர் இருக்கு, வாக்கெடுக்குறப்ப இல்ல."

பிலோமினம்மா மாலையின் நுனி முடிச்சைக் கையில் வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், நாங்கள் பயந்தே போனோம்.

"அட மடச்சிகளா! நமக்குப் பெரட்டுக்குப் போனதும் பேர் விழுந்துருதா?"

(வெளியாட்களுக்கு மறுபடி: விழாது. சாயங்காலம் கூடையைத் தராசில் மாட்ட வேண்டும். நிறை சரியாக இருந்தால்தான் அன்றைய பேர், அதாவது ஒரு முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். வெறுங்கூடை என்றால் பேரே இல்லை. வாழ்நாள் முழுக்க இந்தச் சட்டத்தில் வெந்தவர்கள் நாங்கள். அதை ஒரு மந்திரிக்குப் போட்டுப் பார்க்க மட்டும் எங்களுக்குத் தோன்றவில்லை.)

4.

இனி மந்திரியைப் பாத்திரமாக்க வேண்டும். அதில்தான் தடுமாறுகிறேன்.

முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக எழுதினேன். தங்க மோதிரம், கறுப்புக் கண்ணாடி, எகத்தாளச் சிரிப்பு. வாசித்துக் காட்டினேன். நிரோஷா, "அவருக்கு மோதிரமே இல்லையே அத்தே" என்றாள். எழுதியதைக் கோடு போட்டு அடித்தேன். இரண்டாவதில் கூச்சமுள்ள நல்லவராக, கட்சிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டவராக எழுதினேன். அதை வாசிக்கும்போது எனக்கே அழுகை வந்தது. கை நுழையும் வெடிப்பை வைத்துக்கொண்டு நான் எதற்கு அவருக்காக அழ வேண்டும்? அதையும் அடித்தேன்.

அவர் மனதுக்குள் போக எனக்கு வழி இல்லை. என்னிடம் இருப்பது பதினான்கு வாக்கெடுப்புகள். மீதியைக் கற்பனை செய்தால் அது அவருக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நியாயமில்லை.

5.

ஞாயிறு. பெரட்டுக் களம். இருநூறு பேர் இருந்தோம்.

வாகனத்தில் இருந்து இறங்கிய மந்திரி கழுத்தைக் கொஞ்சம் முன்னே நீட்டியபடிதான் வந்தார். பழக்கம். மாலை வரவில்லை. சுற்றிப் பார்த்தார். கொழுந்துத் தராசின் கொக்கியில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

பழனியாண்டிக்கு வேர்த்துவிட்டது. "ஏய், என்னா இது கூத்து? மாலைய எடுங்க!"

"எடுப்போம் தலைவரே. நிறுத்துட்டு எடுப்போம்" என்றாள் பிலோமினம்மா.

மந்திரி இருபது நிமிடம் பேசினார். அழகாகவே பேசினார். காணி என்றார், உரிமை என்றார், நாம் இங்கே வந்து இருநூறு வருடம் என்றார். நாங்கள் ஒருவரும் கைதட்டவில்லை. அவர் முடித்ததும் பிலோமினம்மா எழுந்தாள். நிரோஷா பக்கத்தில் நின்று தாளைப் பார்த்துத் திகதியையும் விஷயத்தையும் வாசித்தாள். பிலோமினம்மா கணக்கப்பிள்ளையின் குரலில் பதில் சொன்னாள்.

"மார்ச் ஆறு. தோட்டப் பாடசாலை ஆசிரியர் நியமனம்."

"பேர் இருக்கு!"

"மே இருபத்திரண்டு. தோட்ட ஆஸ்பத்திரி."

"பேர் இல்ல!"

மூன்றாவதிலிருந்து பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாவதில் ஆண்களும். இருக்கிற பேருக்கும் அதே சத்தம்தான் போட்டோம். அதில் ஓரவஞ்சனை செய்யவில்லை. பதினான்காவது காணிச் சட்டம். "பேர் இல்ல!" என்று இருநூறு தொண்டையில் கிளம்பியபோது தோட்டத்தின் அடுத்த பிரிவு வரை கேட்டதாம். (கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேனோ? இல்லை. அங்கே ரப்பர் மரத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு ஓடிவந்தார்கள்.)

மந்திரியின் முகம் சிவந்திருந்தது. "அம்மா, நான் அன்னைக்குப் போயிருந்தேன். வந்தவங்க பட்டியல்ல பேர் இருக்கு, பாருங்க. எவ்வளவோ வேலைங்க..."

"பெரட்டுக்கு வந்தீங்க ஐயா. நாங்க இல்லேன்னா சொன்னோம்?" பிலோமினம்மா வெறும் கூடை ஒன்றைத் தூக்கி, மாலைக்குப் பக்கத்தில் கொக்கியில் மாட்டினாள். "கொழுந்து எங்க?"

மந்திரியின் சாரதி, சிங்களப் பையன், வாகனத்தில் சாய்ந்தபடி, "ஹரி, ஹரி! அம்மா கியன எக ஹரி!" என்று சிரித்துவிட்டான். அம்மா சொல்வது சரியாம். அவ்வளவுதான். களம் முழுக்கச் சிரிப்பு. பழனியாண்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். சிரிக்காதவர் மந்திரி ஒருவர்தான்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பதினான்கையும் படித்தார். "இப்ப நான் என்னா செய்யணும்?"

"புதன்கிழமை நிறுவை இருக்குங்க ஐயா" என்றாள் பிலோமினம்மா. "கூடையோட வாங்க."

6.

இந்த இடத்தில் எனக்கு மூன்று முடிவுகள் கிடைத்தன.

ஒன்று: அவர் கோபத்தில் எதிர்த்து வாக்களிக்கிறார். பிலோமினம்மாவின் சுவர் — (இதை எழுத மாட்டேன். எழுதினால் பலித்துவிடுமோ என்று அந்த மூன்று நாளும் பயந்து கிடந்தவள் நான்.)

இரண்டு: ஒரே ஒரு வாக்கால் சட்டம் வெல்கிறது, அந்த ஒரு வாக்கு அவருடையது. இது கதைக்கு நல்லது. ஆனால் நடக்காதது.

மூன்றாவது நடந்தது. புதன் சாயங்காலம் பிள்ளைக் காம்பராவில் நிரோஷாவின் போனைப் பால்மா டின்மேல் சாய்த்துவைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். பேர் கூப்பிடத் தொடங்கினார்கள். பிலோமினம்மா ஜெபமாலையை உருட்ட, நான் முருகனைக் கூப்பிட்டேன், யாருக்குக் கேட்டதோ. "சுதாகரன்" என்று வந்தது. சத்தமில்லை. ஒரு இருமல். பிறகு,

"ஆம்."

நாங்கள் போட்ட சத்தத்தில் தூங்கிய பிள்ளைகள் அத்தனையும் எழுந்து அழுதன. முடிவைக் கேட்கவே முடியவில்லை. நிரோஷாதான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒரு கையால் எங்களை அடக்கிச் சொன்னாள்: நாலு வாக்கால் வென்றது.

நாலில் ஒன்று அவருடையது. அவர் இல்லாவிட்டாலும் வென்றிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் தான் வராவிட்டாலும் பரவாயில்லை என்று பத்துப் பேர் நினைத்ததால்தான் முதல் தடவை தோற்றது.

7.

அவர் ஏன் மனம் மாறினார்? வெட்கமா, பயமா, அடுத்த தேர்தலா, சாரதியின் சிரிப்பா? தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிந்திப்போன நாட்களில் எனக்கும் எத்தனையோ அரைப்பேர் விழுந்திருக்கிறது. காரணத்தை யாரும் எழுதிக்கொண்டதில்லை.

அடுத்த நாள் பழனியாண்டி போனை எடுத்துக்கொண்டு மலைக்கே ஓடிவந்தார். மந்திரி லைனில் இருந்தார். கொழுந்து பறித்த கையோடு பிலோமினம்மா வாங்கினாள். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிவைத்தார் தலைவர்.

"அம்மா, எனக்குப் பேர் போட்டீங்களா?"

"போட்டோம் ஐயா. அரைப்பேர்."

"அரையா? ஆம்னு சொன்னேனேம்மா!"

"ஒரு வருசம் பிந்தி வந்தீங்களே. பிந்தி வந்தா எங்களுக்கும் அரைதாங்க ஐயா." பிலோமினம்மா எங்களைப் பார்த்துக் கண்ணடித்தாள். "மத்த அரை, உறுதி எங்க கைக்கு வந்தப்புறம். மாலை இன்னும் கொக்கியிலதான் இருக்கு. காஞ்சா என்னா, வேற கட்டுவோம்."

அதற்கு அவர் ஏதோ சொன்னார். பிலோமினம்மா கேட்டாள், நாங்களும் கேட்டோம். ஆறாம் நம்பர் மலை முழுக்கக் கூடைகள் குலுங்கக் குலுங்கச் சிரித்தோம்.

என்ன சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. இத்தனை பக்கம் அவர் மனதுக்குள் போகாமல் வந்துவிட்டேன், கடைசியில் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். உங்கள் ஊர் மந்திரி என்ன சொல்லியிருப்பார் என்று பார்த்து நீங்களே நிரப்புங்கள். நிரப்புமுன் அவருடைய பதினான்கையும் எடுத்து ஒருமுறை வாசித்துவிடுங்கள், கண்ணுகளா.

"............................................"