மூன்றாவது தூண்

செல்வநாதனின் வேலை போனதற்குக் காரணம் நான்தான். வேலைநீக்கக் கடிதத்தைக் கொடுத்தது கம்பெனி. கொடுக்க வைத்தது என் வாய்.

எழுபத்து மூன்றில் காத்திவாக்கத்தில் உப்பங்கழிப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று நடத்தினோம். நான் ரயில்வே குமாஸ்தா. மனு எழுத வரும் என்பதால் என்னைச் செயலாளராக்கினார்கள். கழியில் குழாய் போட்டுக் கழிவைக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பெயிண்ட் கம்பெனியோடுதான் சண்டை. எங்கள் சாட்சி தாயம்மா. பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிப்பவள். இரண்டு வருஷமாக அவள் விரல் இடுக்கெல்லாம் புண். குழாய் அங்கேயே இருந்தால் அந்தக் கை இனிமேல் தண்ணீரில் இறங்காது. அவளுக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

விசாரணைக்கு வந்த அதிகாரி கறார் ஆசாமி. மரப்பாலத்தின் மூன்றாவது தூணருகே, நீர் வற்றும் நேரத்தில் எடுத்த தண்ணீர் வேண்டும் என்று முதலில் கம்பெனியைக் கேட்டார். அதில் விஷம் இந்த அளவுக்கு மேல் இருந்தால் குழாயை எடுக்க உத்தரவு போடுவேன் என்று ஒரு கணக்கும் சொன்னார். அவர்கள் லேபில் வேலை பார்த்த செல்வநாதன் ஒரு புட்டி கொண்டுவந்தார். ஒட்டியிருந்த சீட்டில் தேதி, காலை எட்டு மணி, நீர் வற்றிய நேரம் என்று எழுதியிருந்தது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

தேதியைக் கேட்டதும் தாயம்மா எழுந்துவிட்டாள். "அன்னிக்கு பௌர்ணமி சார். காலைல எட்டு மணிக்கு கடலு உள்ள ஏறிக்கினு இருக்கும். அந்தத் தூணாண்ட என் கய்த்து மட்டும் தண்ணி நிக்கும். வத்துறது மத்தியானம் ரெண்டு மணிக்கு. இவுரு கடல் தண்ணிய மொண்டாந்து காட்றாரு."

நான் விடுவேனா? செல்வநாதனைப் பிடித்துக்கொண்டேன். "காலையிலதான் ஜீப் குட்த்தாங்க சார்" என்றார் பாவம். "பொய்ச் சீட்டு எழுதின கைக்கு ஜீப் ஒரு சாக்கா?" என்று கத்தினேன். எல்லோரும் கை தட்டினார்கள். கம்பெனி பழியை அவர் தலையில் கட்டி வெளியே அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் குடும்பத்தோடு, யார் கண்ணிலும் படாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது உறுத்தவே இல்லை, அதுதான் வெட்கக்கேடு.

அடுத்த மாதம் எங்கள் முறை. அதே தூண், அமாவாசையன்று மத்தியானம் இரண்டு மணி. அந்த நேரத்தில் எனக்கு ஆபீஸ். லீவு கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது: தூணருகே தண்ணீர் அவ்வளவு மோசமாக இல்லாவிட்டால்? ஆகவே காலையில் ஆபீஸ் போகும் வழியில் குழாய் வாயிலேயே புட்டியைப் பிடித்து நிரப்பினேன். சீட்டில் மூன்றாவது தூண், இரண்டு மணி என்று எழுதினேன். நியாயம் நம் பக்கம்தானே, எந்த இடத்தில் எடுத்தால் என்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தாயம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அதிகாரி பரிசோதனை அறிக்கையை இரண்டு முறை படித்தார். பிறகு தாயம்மாவிடம் திரும்பினார்.

"ஏம்மா, இந்தச் சித்திரை மாசத்துல, தண்ணி வத்தும்போது அந்தத் தூண்கிட்ட உப்பு இருக்குமா?"

எங்களுக்குச் சாதகமாகத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள். "இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? மய பேஞ்சாதான் உப்பு கொறயும். வெயில் காலத்துல வாயில வைக்க முடியாது, அப்டி கரிக்கும். பறிய கவ்விக்கினு அதுலயே கெடக்குறேன், எனக்குத் தெரியாதா?"

"இந்தப் புட்டியில உப்பே இல்லம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"கம்பெனி புட்டியை எப்படித் தள்ளினேனோ, இதையும் அப்படியே தள்ளுகிறேன்" என்றார் அதிகாரி. மனு தள்ளுபடி, மறு விசாரணையும் கிடையாது. இவள் கையையாவது பாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. எந்த முகத்தோடு சொல்வது? குழாய் அங்கேயே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, மனசு கேட்காமல், ஒரு நாள் லீவு போட்டேன். நீர் வற்றும் நேரம் பார்த்து மூன்றாவது தூணருகே இறங்கி ஒரு புட்டி எடுத்தேன். கல்லூரி லேபில் இருந்த தோஸ்து ஒருவன் சோதித்துக் கொடுத்தான். குழாய் வாயில் இருந்த விஷத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அதிகாரி சொன்ன அளவைப் போல மூன்று மடங்கு.

காகிதத்தை எடுத்துக்கொண்டு தாயம்மாவைத் தேடிப் போனேன். மணலியில் ஒரு கட்டடத்தில் சித்தாள் வேலை பார்த்தாள். புண் மேல் சிமெண்ட் படாமல் இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"இத்த அன்னிக்கே எட்த்தாந்திருந்தா போதுமா சார்?"

"போதும்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கலவைச் சட்டியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே கேட்டாள்: "அந்த லேபு சாரும் சீட்டுலதான் பொய் எய்தினாரு. அவுருக்கு வேல போச்சி. எனக்கு எறா போச்சி. உங்களுக்கு இன்னா சார் போச்சி?"

போன வாரம்தான் எனக்கு ஹெட் கிளார்க் பதவி வந்திருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.