கம்பத்தைக் குறி பார்த்தவன்

பர்மாவில், பபேடான் பேட்டையில் அப்துல் பாரியின் பிரியாணிக் கடையில் அன்று காலை வியாபாரம் கிடையாது. டான்பவுக் என்று அங்கே சொல்லும் பிரியாணி அண்டா தம்மில் இருந்தது. அமெரிக்காவில் ஆடும் மகன் யாசர் ஜெயித்த பிறகுதான் மூடியைத் திறப்பேன் என்று அப்துல் பாரி அடம்பிடித்தார். கரண்ட் போன நேரம். பேட்டரியில் ஓடிய தொலைக்காட்சிக்கு முன்னால் தெருவே பசியோடு உட்கார்ந்திருந்தது.

அந்தக் கூட்டத்தில் அமெரிக்கக் கால்பந்து தெரிந்த ஒரே ஆள் யாசரின் அக்கா சமீனா. தம்பி ஃபோனில் சொல்லிச் சொல்லி அவளுக்கு எல்லாம் மனப்பாடம். மற்றவர்களுக்குப் பக்கத்து வீட்டு கோ மோகன், அதாவது மோகன் அண்ணன், விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் தெரியாதது அவரை என்றைக்கும் தடுத்ததில்லை.

"பந்து ஏன் முட்டை மாதிரி இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"உருண்டையா இருந்தா எல்லாரும் ஆடிருவாங்கல்ல?" என்றார் மோகன்.

சமீனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

யாசர் சிறுவயதில் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் சின்லோன் ஆடியதுதான். கைலியை மடித்துக் கட்டி, வட்டமாக நின்று, பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் காலால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. லாபம் இல்லாத இந்த விளையாட்டு அப்துல் பாரிக்கு ஆகவே ஆகாது. ஒருநாள் வெங்காயக் கத்தியால் அந்தப் பந்தை இரண்டாகப் பிளந்து போட்டார். ஜுல்ஃபிகர் மாமா மலேசியா வழியாக அகதியாக அமெரிக்கா போனபோது, தம்பியையும் கூட அனுப்பச் சொல்லிச் சண்டை போட்டவள் சமீனா. "போவட்டும். அங்க போயும் கோழிதான் உரிக்கப்போறான்" என்றார் வாப்பா. மாமாவும் நேரே போய் ஒரு கோழிக்கறித் தொழிற்சாலையில்தான் சேர்ந்தார்.

அங்கே பள்ளிக்கூடத்தில் வேலிக்கு வெளியே வந்து விழுந்த பந்தை யாசர் திருப்பி உதைத்தான். அது மைதானத்தையே தாண்டிப் போய்ப் பயிற்சியாளரின் கார் கண்ணாடியை உடைத்தது. திட்டு விழும் என்று ஒளியப் போனவனைக் கூப்பிட்டுத் தலைக்கவசம் கொடுத்தார் மனிதர். அந்தக் காலைக் காட்டியே கல்லூரிப் படிப்பும் இலவசமாகக் கிடைத்தது. பெரிய அணிகள் ஆள் பொறுக்கிய அன்று அவனை ஒருவரும் சீண்டவில்லை. பிறகு ஓர் அணி, வந்து உதைத்துக் காட்டு என்று முகாமுக்குக் கூப்பிட்டது. அங்கே ஏற்கெனவே ஓர் உதைப்பவன் இருந்தான். இடமோ ஒன்று. இன்றைய ஒத்திகை ஆட்டத்தோடு முடிவு சொல்லிவிடுவார்கள். தவறினால் மாமாவின் தொழிற்சாலைதான்.

ஆட்டம் என்ற பெயரில் மலை மலையாக ஆட்கள் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். விழுந்ததும் விளம்பரம் வந்தது. யாசர் ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தான்.

"இவன் எப்பத்தான் வேலை பாப்பான்?" என்றார் அப்துல் பாரி.

"கூப்பிட்டாப் போவான் வாப்பா. ஒரு உதை உதைச்சிட்டு வந்து உக்காந்துருவான்."

"அதுக்கா சம்பளம்?" என்று கேட்டவரின் முகத்தில் முதல்முறையாக மகன்மேல் மரியாதை தெரிந்தது.

அந்த இன்னொரு உதைப்பவன் அடித்த பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போனது. மோகன் உதட்டைப் பிதுக்கினார். "அந்த எடைவெளியில மாட்டு வண்டியே போவலாம். ஒல்லிக் கம்பத்துல பட வைக்கணும். அதுக்குத்தான் முழு மார்க்." தெரு பலமாகத் தலையாட்டியது. இல்லை, நடுவே போனால்தான் புள்ளி என்று சொல்ல சமீனா வாயெடுத்தாள். மோகன் அளந்து விடுவதைக் கேட்பது அதைவிட ருசியாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

கடைசி நிமிடத்தில் யாசரை அனுப்பினார்கள். நல்ல தூரம். சமீனாவின் உதடு பிஸ்மி சொன்னது. யாசர் உதைத்தான். பந்து உயர்ந்து, வளைந்து, வலது கம்பத்தில் டங்கென்று மோதி வெளியே விழுந்தது. நடுவர்கள் கையைக் குறுக்கும் நெடுக்குமாக வீசினார்கள்.

புள்ளி இல்லை என்ற அந்தச் சைகை சமீனாவுக்குத் தெரியும். தெருவோ எகிறிக் குதித்தது.

"பட்டுருச்சு! அம்பயரே ஆடுறான் பாரு!" என்று மோகன் அப்துல் பாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் பர்மியத்திலும் கத்தினார்கள். அப்துல் பாரி அண்டாவின் மூடியைத் திறந்தார். யாரையாவது பிடித்து உலுக்கி உண்மையைச் சொல்ல வேண்டும் போல இருந்தது சமீனாவுக்கு. ஆனால் வாப்பா தன் கையால் ஆளாளுக்குக் கறித்துண்டைத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டிருந்தார். விலைக்கு விற்கும்போதுகூட அவர் அப்படிப் போட்டதில்லை.

எல்லோரும் இரண்டாம் தடவை சோறு கேட்கும்போது சமீனாவுக்கு ஃபோன் வந்தது.

"லாத்தா," என்று அக்காவை அழைத்தான் யாசர். குரல் கம்மியிருந்தது. "சொல்லிட்டாங்க. அவனத்தான் வச்சுக்கிறாங்களாம். நாளைக்கு நான் பெட்டி கட்டணும்." கொஞ்சம் பொறுத்து, "அங்க என்ன சத்தம்?" என்றான்.

"நீ கம்பத்துல அடிச்சேல்ல, அதுக்குத்தான். அதுதான் முழு மார்க்குன்னு கோ மோகன் சொல்லி வச்சிருக்காரு. வாப்பா அண்டாவையே தொறந்துட்டாரு."

மறுமுனையில் விக்கல் போல ஏதோ கேட்டது. அழுகிறானோ என்று பயந்தாள். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் கூடவே வந்தது.

"நான் சொல்லிடவா?" என்று மெல்லக் கேட்டாள்.

அவன் பதில் சொல்வதற்குள் அப்துல் பாரி நெய்க்கையோடு ஃபோனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார். கடை அடங்கியது.

"டேய் யாசர், மத்தவன் சும்மா நடுவுலதான் அடிச்சான். நீ ஒருத்தன்தான்டா கம்பத்துல அடிச்சே." நெய்க்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு அந்தப் பந்தை நான் வெட்டியிருக்கப்படாது."

உண்மையைச் சொல்லிவிடாதே என்று சமீனா வேண்டிக்கொண்டாள்.

"குறி பாத்துத்தான் அடிச்சேன் வாப்பா," என்றான்.

"தெரியும்டா. அடுத்த ஆட்டத்துல அந்தப் பக்கத்துக் கம்பம்."

"இன்ஷா அல்லாஹ், வாப்பா."